ஜெபமும் கிளினிக் கொப்பியும்



இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம் கொஞ்சம் பாரமானது. புற்றுநோய் என்ற பேரைச் சொல்லவே நம் லயங்களில் ஆட்கள் பயப்படுவார்கள். "அந்த வருத்தம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று வீடுகளில் இந்த வருத்தம் வந்து போயிருக்கிறது, சிலதில் போகாமலும் இருக்கிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

நோய் வருவதைப் பற்றி நோட்டீஸ்கள் நிறைய உண்டு. மருந்தெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது, அந்த நாட்களில் கடவுள் நம்பிக்கை ஒரு குடும்பத்துக்கு எப்படித் துணையாகிறது, எந்த இடத்தில் அதே நம்பிக்கையைப் பிழையாகப் பிடித்துக்கொண்டு இடறுகிறோம் என்பதுதான் இன்றைய பாடம். பாடம் சொல்லப்போகிறவர்கள் நாம் அல்ல. வற்றாப்பளையில் இருக்கும் ஒரு புருஷனும் பெண்சாதியும்.

வற்றாப்பளை எங்கே, நாம் எங்கே என்று கேட்பீர்கள். 1958, 1977, 1983 கலவரங்களிலும், தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன 1970களின் பஞ்சத்திலும் நம் மலைநாட்டுச் சனம் எத்தனையோ பேர் வன்னிக்குப் போனது பெரியவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று காடு வெட்டிக் குடியேறினார்கள். இந்த அண்ணனும் 1977க்குப் பிறகு தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளில் ஒருவர். அக்காவும் அப்படிப் போன குடும்பம்தான். அங்கே சந்தித்து, கலியாணம் முடித்து, யுத்தத்தில் இடம்பெயர்ந்து, 2009க்குப் பிறகு முகாமில் இருந்து திரும்பி வந்து, மறுபடி ஒரு வீடு கட்டியவர்கள். இத்தனை வருசம் வன்னியில் இருந்தும் மலைநாட்டுப் பேச்சு விட்டுப் போகவில்லை. அக்கா அவரை "ஏங்க" என்றுதான் கூப்பிடுகிறார். அவர் "இந்தா புள்ள" என்கிறார். அவருடைய தங்கை குடும்பம் நம் தோட்டத்தில் இருக்கிறது. அந்தத் தங்கை கேட்டுக்கொண்டபடியால்தான் நாம் முதலில் அங்கே போனோம். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. கதையை எழுதச் சொன்னதும் அவர்களே.

வற்றாப்பளை என்றால் கண்ணகி அம்மன் கோயில். நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு நாடெங்கும் இருந்து சனம் வரும். கடல் நீரில் விளக்கெரிப்பது அந்தக் கோயிலின் மரபு. அந்த ஊருக்குள் இவர்கள் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் மேட்டிலும் சின்னச் சேர்ச் பள்ளத்திலும் இருந்துகொண்டு, தேர் வரும்போது எல்லாருமாய்க் கூடிக்கொள்வோமே, அதே மாதிரிதான் அங்கேயும்.

அண்ணனுக்கு வாயில் வந்தது. நாக்கு ஓரத்தில் ஒரு புண், ஆறாமல் இரண்டு மாதம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த பழக்கம் பதினைந்து வயதில் தொடங்கியது. இந்த நாட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். காரணமும் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. தென்னிந்தியாவில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் என்று ஒரு ஊர் உண்டு. 1838 இல் அங்கே மருத்துவ ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வாய்ப் புற்றோடு வருகிற ஆட்கள் ஏராளம். அங்கே வேலை செய்த டொக்டர் ஓர் என்பவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு இந்த நோய் வருவதைப் பற்றி 1933 இலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிவிட்டார். அதே ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொருவர் டொக்டர் சோமர்வெல். 1922 இல் எவரெஸ்ட் மலை ஏற வந்தவர், அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு, லண்டன் உத்தியோகத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு அங்கேயே கத்தியைப் பிடித்தார். ஜெபம் செய்கிற ஆள்தான், ஆனால் ஜெபத்தோடு நிற்காமல் புண்ணை வெட்டியும் எடுத்தார். புகையிலை போடாமல் பாக்கை மட்டும் மென்றாலும் புற்று வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் வெளியிட்டது. நாமோ இன்னமும் கொழுந்து மலைக்கு வெத்திலைப் பை இல்லாமல் போவதில்லை. குளிருக்கு, பசிக்கு, அட்டைக் கடிக்கு என்று எதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

2022 இல் மகரகமையில் ஒபரேஷன் செய்து, பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நம் ஆட்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதுதான். கரண்ட் என்றதும் சுடும், ஷொக் அடிக்கும் என்று பயப்பட வேண்டாம், வைக்கும்போது ஒன்றும் தெரியாது. கிழமைக்கு ஐந்து நாள், ஆறு ஏழு கிழமை. அது நாட்டில் பெற்றோல் வரிசை நின்ற வருசம். முல்லைத்தீவில் இருந்து பஸ் ஓடுவதும் நிச்சயமில்லை. ஆகவே அக்கா வீட்டைப் பூட்டி, கோழிகளை அயல் வீட்டில் விட்டுவிட்டு, ஏழு கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் படுத்தார்.

கடைசிக் கரண்ட் முடிந்த அன்று இருவரும் கைபிடித்து அழுதார்களாம். முடிந்தது என்று நினைத்தார்கள்.

நாம் எல்லாரும் செய்கிற பிழை இதுதான். மருந்து முடிந்தால் வருத்தம் முடிந்தது என்று நினைப்பது. உண்மையில் வாய்க்குக் கரண்ட் வைத்தவர்களுக்கு முடிந்த பிறகு வருகிற இரண்டு மூன்று கிழமைதான் மிகக் கஷ்டம். வாயெல்லாம் வெந்து புண்ணாகும். உமிழ்நீர் சுரக்காது, ருசி தெரியாது. சோறும் ஒன்றுதான் மண்ணும் ஒன்றுதான். ருசி மெல்ல மெல்லத் திரும்பும், அதற்கு மாதக் கணக்காகும். உமிழ்நீர் சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. உடம்பு அசதி சும்மா இருந்தாலும் போகாது. இதைக் கண்டு "சோம்பேறியாகிவிட்டான்" என்று வீட்டார் சொல்லக் கூடாது. அது கதிர்வீச்சின் அசதி.

அக்கா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம். "நான் சுகம் குடுன்னு அப்ப கேக்கவே இல்லீங்க சேர். அது பெரிய விசயம். இன்னைக்கு ஒரு கோப்ப கஞ்சி அவரு முழுங்கிரட்டும் ஆண்டவரேன்னுதான் கேட்டேன். முழுங்குனா நன்றி சொல்லுவேன். முழுங்கலன்னா, நாளைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டுப் படுத்துருவேன்."

இதைக் கேட்ட பிறகு நாம் வேதத்தில் பெரிய பெரிய அதிசயங்களைத் தேடவில்லை. வனாந்தரத்தில் விழுந்த மன்னா அன்றன்றைக்கு மட்டும்தான் பொறுக்கலாம், நாளைக்கென்று மிச்சம் வைத்தால் கெட்டுப்போகும் என்ற கதைதான் நினைவுக்கு வந்தது. ஒரு கோப்பை கஞ்சிக்கான ஜெபம் சின்ன ஜெபம் இல்லை.

அந்தக் கஞ்சியையும் பாதி நாள் காய்ச்சியது அயல் வீட்டு அம்மா. கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார், "தம்பி எழும்பி நடந்தால் பொங்கி வைக்கிறேன்" என்று. கிறிஸ்தவ வீட்டுக்காக அம்மனிடம் நேர்த்தியா என்று நாம் அண்ணனிடம் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு பட்டது. அவர் சிரித்தார். "அவுங்க அவுங்க தாய்க்கிட்ட எனக்காகக் கேட்டாங்க. எனக்காக ஒருத்தர் கேட்டா வேணாம்னு சொல்ல நான் யாரு?" வைகாசியில் அந்த அம்மா பொங்கினார். அக்கா அரிசி கொடுத்தார்.

இனி இடறின இடத்துக்கு வருவோம்.

2023 தொடக்கத்தில் அண்ணன் நன்றாகத் தேறினார். கிளினிக்கைத் தெல்லிப்பழைக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறந்தது. 2011 இல் தெற்கே தெய்வேந்திர முனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் கால்நடையாக நடந்து, சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் எல்லாருமாய்ச் சேர்த்த காசில் எழும்பிய கட்டடம். வற்றாப்பளையில் இருந்து அங்கே போக நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆனையிறவு தாண்டிப் போகவேண்டும், விடிய முன்னம் பஸ் எடுக்கவேண்டும். அந்த நேரத்தில் வெளியில் இருந்து ஒரு பிரசங்கியார் கூட்டம் வைக்க வந்தார். அண்ணன் சாட்சி சொன்னார். பிரசங்கியார் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "முழுச் சுகம் கிடைத்துவிட்டது, இனி கிளினிக் போவது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் கிளினிக் கொப்பியைப் பெட்டிக்கு அடியில் போட்டார். மூன்று தவணை போகவில்லை.

அந்த இடைவெளியில் நாமும் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஆள் தெளிவாக இருப்பதைக் கண்டு சந்தோசப்பட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். கிளினிக் திகதியைக் கேட்கவில்லை. நலன்புரி உத்தியோகம் பார்க்கிற நாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. பிரசங்கியாரை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

அக்கா மட்டும் விடவில்லை. ஏழாம் வகுப்புவரை படித்தவர், வேதப் புத்தகத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசிப்பார். எசேக்கியா ராஜாவின் கதையை அவர்தான் புருஷனுக்கு எடுத்துக் காட்டினார். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 20 ஆம் அதிகாரம். ராஜா சாகக் கிடக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறார். பதினைந்து வருசம் கூட்டித் தருவதாக வாக்கு வருகிறது. அதற்குப் பிறகு தீர்க்கதரிசி என்ன செய்கிறார்? அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லிப் புண்ணின் மேல் வைத்துக் கட்டச் சொல்கிறார். "வாக்கு குடுத்த கடவுளுக்கு மருந்து எதுக்குங்க? அவரே கட்டுப் போடச் சொல்லியிருக்காருல்ல" என்று கேட்டிருக்கிறார் அக்கா. அண்ணனிடம் பதில் இல்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை.

இந்த அதிகாரத்தை நாமும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அத்திப்பழத்தை ஒருநாளும் கவனித்ததில்லை. நல்ல சமாரியன் கதையிலும் அப்படித்தான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரிப்புக்குக் காசும் கொடுக்கிறான். சுவிசேஷம் எழுதிய லூக்காவையே பவுல் வைத்தியன் என்றுதான் சொல்கிறார். யாக்கோபின் கடிதம் 5 ஆம் அதிகாரத்தில் நோயாளிக்காக மூப்பர்கள் ஜெபித்து எண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறது. வைத்தியரிடம் போகாதே என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

கடைசியில் அக்காவே கழுத்தைத் தடவிப் பார்த்து, காதுக்குக் கீழே ஒரு கட்டியைக் கண்டார். அழுதபடி பஸ் ஏறினார்கள். தெல்லிப்பழையில் பார்த்து, கழுத்தில் இன்னொரு ஒபரேஷன் செய்ய வேண்டி வந்தது. டொக்டர் ஏசவில்லை. முன்னமே வந்திருந்தால் இன்னும் சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம். அது ஏச்சைவிட வலித்தது என்றார் அண்ணன். கட்டி திரும்பி வருவது எவருக்கும் நடக்கலாம், அது விசுவாசக் குறைவும் இல்லை, கடவுளின் தண்டனையும் இல்லை. முதல் இரண்டு மூன்று வருசம்தான் திரும்பி வர வாய்ப்பு அதிகம். கிளினிக்கை அடிக்கடி வைப்பதும் அதனால்தான்.

இந்த இடத்தில் வெளிநாட்டுத் தம்பதி ஒருவரைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் சி.எஸ். லூயிஸ் என்று பெரிய கிறிஸ்தவ எழுத்தாளர். பிள்ளைகளுக்கு நார்னியா கதைகள் எழுதியவர். ஐம்பது வயது தாண்டித்தான் கலியாணம் முடித்தார். மனைவி பேர் ஜோய். 1956 ஒக்டோபரில் ஜோய் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பார்த்தால் எலும்பெல்லாம் புற்று. 1957 மார்ச் 21 அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பாதிரியார் அவர்களுக்குத் திருச்சபை முறைப்படி மணம் செய்துவைத்து, அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். சாகட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிய பெண், அந்த வருசம் முடிவதற்குள் தடி ஊன்றி நடந்தார். கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள், ஜெபமும் நடந்தது. எதனால் சுகம் என்று லூயிஸ் அடித்துச் சொல்லவில்லை. அதிசயம் என்றுதான் அவர் மனம் சொன்னது, ஆனால் அதை நிரூபிக்க முடியாது என்று எழுதிவைத்தார். 1959 ஒக்டோபரில் நோய் திரும்பியது. திரும்பியது தெரிந்தும் 1960 ஏப்ரலில் இருவரும் கிரேக்க நாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜூலை 13 அன்று ஜோய் இறந்தார், வயது 45. பிறகு லூயிஸ் தன் துக்கத்தையும், கடவுள் மேல் வந்த கோபத்தையும் மறைக்காமல் ஒரு சின்னப் புத்தகமாக, முதலில் வேறு பேரில், வெளியிட்டார். அத்தனை பேருக்கு விசுவாசம் சொல்லிக் கொடுத்தவருக்கே கதவு சாத்தினது போல் இருந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளிந்தார்.

இதை நாம் வற்றாப்பளையில் சொன்னபோது அக்கா கேட்ட கேள்வி: "மூணு வருசம் கிடைச்சிச்சில்ல?" ஆம், மூன்று வருசம் கிடைத்தது. "அப்ப அந்த ஜெபம் வீண் இல்ல."

அண்ணன் கேட்டது வேறு. "அந்த ஐயா கோவப்பட்டதா எழுதியிருக்காரா? சாமியோட?" ஆம் என்றோம். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கட்டி கண்ட இரவில் தானும் கோபப்பட்டதாகவும், பெண்சாதிக்குச் சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று சொல்லாமல் விட்டதாகவும் சொன்னார். அக்கா அடுப்படியில் இருந்தபடி, "எனக்குத் தெரியும். நானும்தான் கோவப்பட்டேன், நீங்க ஒடஞ்சிருவீங்கன்னு சொல்லல" என்றார். இரண்டு பேரும் ஒரே கோபத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு, ஒரே பாயில் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறார்கள்.

யோபுவின் மனைவியை எல்லாப் பிரசங்கத்திலும் திட்டுவார்கள். செத்துப்போன பத்துப் பிள்ளைகளும் அந்த அம்மாவும் பெற்ற பிள்ளைகள்தானே என்று ஒருவரும் கேட்பதில்லை. நோயாளிக்கு ஆறுதல் சொல்லப் போகிற நாம் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. இனி யாரையும் பார்க்கப் போனால் "நீங்க சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா" என்று பக்கத்தில் நிற்பவரிடமும் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் கிளினிக்குக்கு நீங்கள் கூட்டிப் போய், அவரைப் படுத்துத் தூங்க விடுங்கள். ஜெபக் கூட்டம் வைப்பதைவிட அது கஷ்டம்தான், ஒரு நாள் பேர் போய்விடும்.

வீட்டில் செய்யக்கூடியதையும் எழுதிவிடுகிறோம், தங்கை குடும்பம் கேட்டபடியால். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச் சோடாவும் கரைத்து, நாளைக்கு ஐந்தாறு தடவை வாய் கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. உறைப்பும் புளியும் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியும் கொஞ்ச நாள் வேண்டாம். கஞ்சியில் முட்டை, பருப்பு, பால் சேர்த்தால்தான் உடம்பில் பிடிக்கும். கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்குவது லேசான காரியம் இல்லை, எலும்பு ஆறாமல் போகலாம். பல் டொக்டரிடம் போனால் வாய் திறக்கும் முன் இதைச் சொல்லுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சாராயம் நான்கும் நின்றே ஆகவேண்டும். அண்ணன் வீட்டில் வெற்றிலைத் தட்டு இருந்த இடத்தில் இப்போது கிளினிக் கொப்பி இருக்கிறது, மேலே வேதப் புத்தகம்.

இன்னும் சுகமாய் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. வாயில் இரண்டு மூன்று கிழமை ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, முன்போல் வாய் திறக்க முடியாமை, உறைப்புப் பட்டால் எரிவு, இதில் எது இருந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போகலாம். கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. பஸ் காசுக்கு வழியில்லை என்றால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போன மாதம் நாம் போனபோது அண்ணன் திண்ணையில் ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டிருந்தார். கதிர்வீச்சில் இறுகின தாடையைத் திறக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி அது. நாளைக்குப் பல தடவை செய்யவேண்டும், சில நாளைக்கு ஒரு குச்சி கூட்டவேண்டும். குச்சி சேர்த்துக் கொடுப்பது அயல் வீட்டு அம்மாவின் பேரப்பிள்ளைகள். தொடங்கும்போது ஒன்பது குச்சி. இப்போது பதினாறு. வாயில் குச்சி இருக்கும்போது பேச முடியாதே, ஆகவே அந்த நேரத்தில் அக்கா சங்கீதம் வாசிக்கிறார், அவர் கேட்கிறார். வாசித்து முடிந்ததும் குச்சியை எடுத்துவிட்டு, "இந்தா புள்ள, கிளினிக் எப்ப?" என்றார்.

"செவ்வாக்கெழம. நாலரை பஸ்" என்றார் அக்கா.